சிட்ரா ஸ்டாப்பிலிருந்து குன்னூர் வரை: எட்டு வருஷ அனுபவம்

வேலை 2017-லிருந்து சென்னையில், வீடு குன்னூரில். ரயில் டிக்கெட் கிடைக்காத பண்டிகை நாள், அப்பாவுக்கு உடம்பு முடியாத நாள் என்று வருஷத்துக்கு ஐந்தாறு தடவை கோவைக்குப் பறந்து வந்து மலை ஏறுகிறேன். விமானத்தில் ஒரு மணி நேரம். அதற்கப்புறம் நாலு, நாலரை மணி நேரம். வீட்டில் யாரும் "ஃப்ளைட் இறங்கிட்டியா" என்று கேட்பதில்லை. "மேட்டுப்பாளையம் தாண்டியாச்சா?" என்றுதான் அம்மா போன் பண்ணுவார்.

கிளம்பும் பக்கம் சிக்கலே இல்லை. கிண்டியில் மெட்ரோ ஏறினால் விமான நிலையத்திலேயே இறங்கலாம். கோவையில்தான் ஆரம்பிக்கும். டவுன் பஸ் வேண்டுமென்றால் டெர்மினலிலிருந்து அவினாசி ரோடு சிட்ரா ஸ்டாப் வரை பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். தூரம் ஒரு கிலோமீட்டர்தான் இருக்கும். என் பழைய பெட்டியின் இடது சக்கரம் அந்த ரோட்டோர ஜல்லியில்தான் உயிரை விட்டது.

2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மலைக்கு டாக்சிக்காரர் 3000 ரூபாய்க்குக் குறையாமல் கேட்கும் இடத்தில் காந்திபுரம் வரை சும்மா போகலாம் என்பது சின்ன விஷயமல்ல. ஆனால் சாயங்காலம் ஹோப் காலேஜில் கூட்டம் ஏறினால் பெட்டியோடு நிற்கவே முடியாது. "ஏனுங்க, பெட்டியை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுங்க" என்று கண்டக்டர் சொல்லச் சொல்ல, நான் என் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து வந்திருக்கிறேன். 2025 அக்டோபரில் அதே அவினாசி ரோட்டின் மேலே உப்பிலிபாளையம்–கோல்டுவின்ஸ் மேம்பாலம் திறந்தார்கள், 10.1 கிலோமீட்டர். காரில் போனால் சுகம். ஸ்டாப் ஸ்டாப்பாக நிற்கும் டவுன் பஸ்ஸுக்குக் கீழ் ரோடுதான்.

காந்திபுரத்தில் இறங்கி, மேட்டுப்பாளையம் ரோடு புது பஸ் ஸ்டாண்டுக்கு இன்னொரு பஸ். குன்னூர் வழியாகப் போகும் ஊட்டி பஸ் அங்கிருந்து. இந்த மூன்று ஏற்ற இறக்கத்தைச் சமாளித்தால் மிச்சமெல்லாம் சுலபம். எனக்குப் பிடித்த வழி வேறு: வடகோவையில் மேட்டுப்பாளையம் பாசஞ்சர் ரயில். துடியலூர், காரமடை நெரிசல் எதுவும் தெரியாது. மேட்டுப்பாளையத்தில் ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்ட் நடை தூரம். வண்டிகள் குறைவு என்பதால் நேரம் பார்த்துத்தான் போக வேண்டும். மலை ரயிலை நம்பி ஃப்ளைட் போடாதீர்கள். மேட்டுப்பாளையத்தில் அது காலை 7.10-க்கே கிளம்பிவிடும்.

டாக்சியும் எடுத்திருக்கிறேன். 2024 மே 7-லிருந்து வெளி மாவட்ட வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ், அதாவது ஆன்லைனில் எடுக்கும் அனுமதி, வந்தது. அதற்கு அடுத்த வாரம் நான் ஏறிய டாக்சி கல்லாறு செக்போஸ்ட்டில் நின்றது. "இ-பாஸா? அதெல்லாம் கேக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க மேடம்" என்றார் டிரைவர். பின்னால் ஹாரன் அடிக்க, நானே என் போனில் அவர் வண்டி நம்பரைத் தட்டி, ஓடிபி வராமல், மறுபடி தட்டி... இருபத்தைந்து நிமிஷம். இப்போது டாக்சி என்றால் பெட்டியை டிக்கியில் வைக்கும் முன்பே இ-பாஸைக் காட்டச் சொல்கிறேன். அரசு பஸ்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பஸ்ஸில் பர்லியார் தாண்டி ஜன்னலை மூடும்போதுதான் எனக்கு ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். சீசனில் மங்குஸ்தான் விற்பார்கள். பையைக் குரங்கிடமிருந்து காப்பாற்றினால் வீட்டுக்கும் போய்ச் சேரும்.

இறங்கும்போது கணக்கு வேறு. மழைக் காலத்தில் மண் சரிந்தால் கோத்தகிரி சுற்று. மே மாதம் ஒருவழிப் பாதை போட்டால் இறங்குகிற வண்டிகளுக்குக் கோத்தகிரி வழிதான். ஒரு நவம்பரில் பஸ்ஸுக்கு முன்னால் கொண்டை ஊசி வளைவில் லாரி மாட்டி, ஃப்ளைட்டை விட்டேன். அப்போதிலிருந்து ஐந்து மணி நேரம் முன்னால் கிளம்புகிறேன். மழை என்றால் முந்தின நாளே கோவைக்கு இறங்கி, பீளமேட்டில் சித்தி வீட்டில் தூங்கிவிடுகிறேன்.