பழைய ஜப்பானிய வீட்டின் குளிருக்கு: மண்ணெண்ணெய் அடுப்பா, கொதாட்சுவா?

ஜப்பானின் பழைய மரவீடுகள் கோடைப் புழுக்கத்தை மனத்தில் கொண்டு கட்டப்பட்டவை. அடிக்கற்களின் மேல் உயர்ந்து நிற்கும் தரையின் கீழே தடையின்றி ஓடும் காற்றே ஜனவரியில் ததாமி பாய்களின் இடுக்கு வழியே ஏறிக் கணுக்காலைக் கடிக்கிறது.

மண்ணெண்ணெய் அடுப்பு அறை முழுவதையும் சூடாக்கும். திரி வகையானால் மின்சாரம் நின்றாலும் எரியும், மேலே கெண்டியும் வைக்கலாம். ஆனால் ஒரு லிட்டர் எண்ணெய் எரிந்தால் அந்த எரிப்பிலேயே ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகி, ஆவியாக அறைக்குள் கலக்கிறது. அது ஒற்றைக் கண்ணாடிச் சன்னலில் துளித்துளியாக வழிந்து மரச்சட்டத்தின் அடியில் பூஞ்சையை வளர்க்கிறது. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவுக்கு அஞ்சி மணிக்கு ஓரிரு முறை சன்னலைத் திறக்கவும் வேண்டும். சேர்த்த சூட்டில் ஒரு பங்கு அப்படியே வெளியேறிவிடும். 18 லிட்டர் கலனைச் சுமந்து வரும் பாடு தனி.

கொதாட்சு என்பது அடியில் மின்சூடாக்கி பொருத்திய தாழ்வான மேசை. தடித்த போர்வை அதன் வெப்பத்தைக் காலடியிலேயே அடைத்து வைக்கிறது. 500 வாட் கருவியும் சூடேறிய பின் அதைவிட மிகக் குறைவாகவே மின்சாரம் இழுக்கும். முதுகு குளிரும் என்பது உண்மைதான், அதற்குக் கம்பளிச் சட்டை போதும்.

என் தேர்வு கொதாட்சு. மிச்சமாகும் பணத்தில் படுக்கையறைக்கு மட்டும், பழைய சன்னலுக்கு உட்புறமாகப் பிளாஸ்டிக் சட்டமிட்ட இரண்டாவது சன்னல் போடலாம். வடகோடித் தீவான ஹொக்கைடோவின் உறைபனிக்கோ, முதியவர் இருக்கும் வீட்டுக்கோ கொதாட்சு போதாது. அங்கே அறையையே சூடாக்கியாக வேண்டும்.