சுவிட்சைத் தூக்கிவிட 400 ரூபாய் கொடுத்தவன் எழுதும் விமர்சனம்: செங்கோட்டை ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

போன ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் ராத்திரி வீட்டில் கரண்ட் போனது. தெருவில் எல்லா வீட்டிலும் வெளிச்சம், எங்கள் வீடு மட்டும் இருட்டு. அப்பா இருந்தவரை ஸ்டூல் போட்டு ஏறுவது அவர், டார்ச் பிடிப்பது நான், அதையும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்று திட்டு வாங்குவதும் நான். அவர் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. சரி என்று ஆள் கூப்பிட்டேன். வந்தவர் போர்டைத் திறந்து, கீழே விழுந்து கிடந்த ஒரு சுவிட்சை மேலே தூக்கிவிட்டார், லைட் எரிந்தது, 400 ரூபாய் கேட்டார். கொடுத்ததும் இல்லாமல் "ரொம்ப நன்றி அண்ணாச்சி" என்று வேறு சொன்னேன். எனக்கு 36 வயது, எம்.சி.ஏ. படித்திருக்கிறேன்.

அந்தக் கடுப்பில் சேர்ந்ததுதான் இந்த வகுப்பு. செங்கோட்டையில் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில், இரண்டு ஞாயிற்றுக்கிழமை, 1,200 ரூபாய். கரண்ட், கேஸ், குழாய், ஊசி நூல், கடைசியாக வங்கி, பத்திரம். பதினான்கு பேர் இருந்தோம். புளியரை, தென்காசியிலிருந்து பாதி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஆரியங்காவு, தென்மலையிலிருந்து மீதி. சொல்லித்தருபவர் புனலூர்ப் பக்கத்து ரிட்டயர்டு வயர்மேன், எல்லோருக்கும் சேட்டா. பாதி தமிழ் பாதி மலையாளம் பேசுவார். 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர் இது, அந்தக் கலவை இங்கே யாரையும் தொந்தரவு செய்யாது.

முதல் நாள் காலை முழுக்கக் கரண்ட்தான், கொடுத்த காசு அதற்கே சரியாகிவிட்டது. பழைய பலகையில் போர்டு, பிளக், ஃப்யூஸ் கட்டை எல்லாம் மாட்டி, கரண்ட் கொடுக்காமல் நம் கையில் விட்டுவிடுகிறார். கழற்று, உடைத்தாலும் பரவாயில்லை, மறுபடி மாட்டு, அவ்வளவுதான் பாடம். "கையை வைக்காதே, போய்ப் படி" என்பதையே கேட்டு வளர்ந்தவனுக்கு அரைமணி நேரம் கை நடுங்கியது, உண்மையாகச் சொல்கிறேன். மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் நீளம்? செருகும்போது முதலில் அது தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் அது விட வேண்டும். இத்தனை வருஷம் தினமும் கையில் பிடித்த சாமான், ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. எம்.சி.பி., அதாவது அன்றைக்கு 400 ரூபாய்க்குத் தூக்கிவிட்ட அந்தச் சுவிட்ச், விழுந்தால் முதலில் நன்றாகக் கீழே இழுத்துவிட்டு அப்புறம் மேலே தள்ள வேண்டும். திரும்ப விழுந்தால் வீட்டிலுள்ள பிளக்கை எல்லாம் பிடுங்கிவிட்டு, எம்.சி.பி.யை ஏற்றி, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தால் எது கெட்டது என்று தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் அது வாட்டர் ஹீட்டர் என்று அப்புறம் கண்டுபிடித்தேன். 400 வாங்கியவர் அதைப் பார்க்கவே இல்லை.

போர்டில் ஆர்.சி.சி.பி. என்று ஒரு கசிவுச் சுவிட்ச் உண்டு, அதில் இருக்கும் சின்ன டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அமுக்கிப் பார்க்கச் சொன்னார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழ வேண்டிய சாமான் அது, அமுக்கியும் விழவில்லை என்றால் உடனே மாற்ற வேண்டுமாம். அது இருப்பதே வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஃப்யூஸ் கட்டைக்கு வந்தார். ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பியை முறுக்கிப் போடுவார்களே, அது. "ஃப்யூஸுக்கு வேலையே முதலில் சாவதுதான் மோனே. அதைச் சாக விடாமல் பண்ணினால் சுவருக்குள் இருக்கிற வயர் சாகும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அப்பா அதைத்தான் செய்வார், "இனிமே போகாது பாரு" என்று பெருமையாக வேறு சொல்வார். அவருக்கு எல்லாம் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாவம், அவருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

கேஸ் பாடமும் நன்றாகவே இருந்தது. ஆரியங்காவு சேச்சி ஒருவர் "குற்றி, குற்றி" என்று பேச, 5 கிலோ குட்டி சிலிண்டரைச் சொல்கிறார் என்று வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மலையாளத்தில் சிலிண்டருக்கே அதுதான் பேர். சிலிண்டரின் கழுத்துப் பக்கம் ஒரு எழுத்தும் இரண்டு இலக்கமும் எழுதியிருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். பி-27 என்றால் 2027 ஜூனுக்குள் அதை மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டும், தேதி தாண்டி வந்ததை வாங்காமல் திருப்பிவிடலாம். கசிவைப் பார்க்க சோப்பு நுரைதான், தீக்குச்சி கிடையாது. கசிந்தால் கூப்பிட 1906. கொண்டுவருபவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்லலாம், உள்ளே 14.2 கிலோ இருக்க வேண்டும். கேட்கத்தான் எங்களுக்கு வாய் வருவதில்லை.

குழாய்ப் பாடத்தை அவசரமாக முடித்தார்கள். டெஃப்லான் டேப்பை மரை முனை நம்மைப் பார்க்க வைத்துக்கொண்டு கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்ற ஒன்று மட்டும் மனதில் நின்றது. சட்டைப் பொத்தான் தைக்கும்போது அடியில் ஒரு தீக்குச்சி வைத்துத் தைத்து அப்புறம் உருவிவிட வேண்டுமாம், துணி சுருங்காது. அதைக் காட்டிய அக்காவுக்கு அரைமணி நேரம்தான் கொடுத்தார்கள், அநியாயம்.

இனி திட்டு. இரண்டாம் ஞாயிறு மதியம் வங்கி, பத்திரம் பற்றிப் பேச வேறு ஒருவர் வந்தார். தாளைப் பார்த்து ஒன்றரை மணி நேரம் வாசித்தார். காசோலை மூன்று மாதம்தான் செல்லும், நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்பவர்தானே தவிர வாரிசுகளுக்குச் சேர வேண்டியது அவருக்கே சொந்தமாகிவிடாது, ஆன்லைனில் பணம் போனால் உடனே 1930. நல்ல விஷயம்தான், ஆனால் ஒரு செலானாவது கையில் கொடுத்து நிரப்பச் சொல்ல வேண்டாமா? நிலத்துக்கு வந்ததும் "போக்குவரவு, போக்குவரவு" என்றார். எங்கள் பக்கத்து ஆட்கள் பஸ் விஷயம் என்று விழித்தோம். அது நம் ஊர்ப் பட்டா மாற்றம் என்று சேட்டாதான் குறுக்கே வந்து சொன்னார். இரண்டு மாநில ஆட்களை ஒன்றாக உட்கார வைத்துவிட்டு ஒரு மாநிலச் சட்டத்தை மட்டும் பேசினால் எப்படி?

சாப்பாடு கிடையாது. நாங்கள் பிரானூர் பார்டருக்குப் போய்ப் புரோட்டாவும் காடையும் அடித்துவிட்டு வந்து தூங்கினோம், பத்திரப் பாடம் ஏறாததில் அதற்கும் பங்கு உண்டு. மாடிப்படி செங்குத்து, வயசானவர்களுக்குக் கஷ்டம். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லை, இதை அவர்களிடமே சொல்லிவிட்டேன்.

முதல் ஞாயிறு மட்டும் தனியாகச் சேர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், 700 என்றால்கூடக் கொடுக்கலாம். இரண்டாவது நாள் இப்போது இருக்கிறபடி வேண்டாம்.

வகுப்பு முடிந்த மறுநாள் கிணற்றடி மோட்டார் ரூமில் மெயினை அணைத்துவிட்டு ஃப்யூஸ் கட்டையை உருவிப் பார்த்தேன். அப்பா முறுக்கிப் போட்ட மூன்று இழைக் கம்பி அப்படியே இருந்தது. எடுத்துவிட்டுக் கடையில் கிடைத்த மெல்லிய கம்பியைப் போட்டேன், மோட்டார் உறுமியதும் போய்விட்டது. சேட்டாவுக்கு போன் போட்டேன், சிரித்தார். மோட்டார் கிளம்பும்போது கூடுதலாக இழுக்கும், எத்தனை ஹெச்.பி. என்று பார்க்காமல் கம்பி போடக்கூடாது, மோட்டாரில் ஒட்டியிருக்கிற தகட்டைப் படம் எடுத்து அனுப்பு, அதுவரை அந்தப் பழைய கம்பியைத் திரும்பப் போட்டுவிடாதே என்றார். தகட்டில் இருபது வருஷத்து கிரீஸ். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.