பத்மினி வயரிங்கில் பழுது தேட: டெஸ்ட் லேம்ப்பா, மல்டிமீட்டரா?

அப்பாவின் 1978 பிரீமியர் பத்மினி கார் பெயின்ட் வேலை முடிந்து பெங்களூர் அல்சூர் வீட்டுக்கு வந்த அன்றே, இடது ஹெட்லைட் மங்கலாக எரிந்தது, இண்டிகேட்டர் போட்டால் அதுவும் சேர்ந்து துடித்தது. எஸ்.பி. ரோட்டில் வாங்கி வைத்திருந்த டிஜிட்டல் மல்டிமீட்டரை எடுத்தேன். பல்ப் பிளக்கைக் கழற்றி, கரண்ட் வரும் முனையிலும் எர்த் முனையிலும் (கரண்ட் வண்டியின் தகரம் வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் பக்கம்) வைத்தால் 12.4 வோல்ட். வயரிங் சரி, பல்ப்தான் போச்சு என்று ஜே.சி. ரோட்டுக்குப் போய்ப் புது பல்ப் வாங்கி மாட்டினேன். அதே மங்கல்.

சிவாஜிநகரிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டரைத் தொடவே இல்லை. அவர் பையில் இருந்தது 21 வாட் இண்டிகேட்டர் பல்ப், ஒரு ஹோல்டர், இரண்டு வயர், ஒரு முதலை கிளிப், இதுதான் டெஸ்ட் லேம்ப். அதே பிளக்கில் அதே இரண்டு முனைகளில் வைத்தார், இழை மட்டும் லேசாகச் சிவந்தது. லேம்ப்பின் எர்த் பக்கத்து வயரை எடுத்து பேட்டரி நெகட்டிவில் நேராகக் கொடுத்தார், பளிச்சென்று எரிந்தது.

"கரண்ட் நல்லா வருது தம்பி, எர்த்துதான் பிடிக்கல. பெயின்ட் அடிச்சவங்க போல்ட் இடத்தையும் விடல."

ஃபெண்டருக்குள் பார்த்தால் அதேதான். எர்த் வயரின் வளையத்துக்கும் தகரத்துக்கும் நடுவே பிரைமரும் பெயின்ட்டும் தோல் மாதிரி படிந்திருந்தன. உப்புத்தாளால் தகரம் பளபளக்கும்வரை தேய்த்து, போல்ட்டை முறுக்கி, மேலே வாசலின் தடவினோம், தீர்ந்தது.

மீட்டர் பொய் சொல்லவில்லை. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள் தடை சுமார் 10 மெகா ஓம், அது இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை என்கிற அளவுதான், அதனால் களிம்பு பிடித்த இணைப்போ, இருபது இழையில் ஒரே இழை மிஞ்சிய வயரோ, அதற்குப் போதும், முழு வோல்ட்டையும் காட்டிவிடும். 21 வாட் பல்ப் ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கிறது, 55 வாட் ஹெட்லைட் நாலரை ஆம்பியர். பாரம் ஏற்றினால்தான் பலவீனம் தெரியும். எல்.இ.டி. வைத்த டெஸ்டர் விற்கிறார்களே, அதுவும் சில மில்லி ஆம்பியரோடு முடிந்துவிடும், இந்த வேலைக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறதா? அங்கேயும் டெஸ்ட் லேம்ப்தான். அந்த சர்க்யூட்டின் பல்புகளையெல்லாம் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இடத்தில் லேம்ப்பை மாட்டுங்கள். ஷார்ட் இருந்தால் முழு வெளிச்சமாக எரியும். அப்புறம் ஹார்னஸை, அதாவது வயர்க் கட்டை, ஒவ்வொரு இடமாக ஆட்டிக்கொண்டே போனால், எந்த இடத்தில் அணைகிறதோ அங்கேதான் வயர் உரசுகிறது. இதே வேலையை மீட்டரின் பீப் சத்தத்தை நம்பிச் செய்யும்போது பல்பைக் கழற்ற மறந்தால், குளிர்ந்த இழையின் தடை மிகக் குறைவு என்பதால் இல்லாத ஷார்ட்டுக்குக் கத்தும்.

அதற்காக மீட்டரைத் தூக்கிப் போட முடியாது. பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது கிட்டத்தட்ட 13.8 முதல் 14.4, இந்த வித்தியாசத்தைப் பல்ப் வெளிச்சத்தை வைத்து எந்தக் கண்ணும் சொல்லாது. ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், எல்லாவற்றையும் அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி நடுவே மீட்டரை 10 ஆம்பியரில் வைத்துக் கசிவைப் பாருங்கள். அந்த நேரத்தில் யாரும் சாவியைத் திருப்பக் கூடாது, மீட்டர் ஃபியூஸ் போய்விடும்.

இன்னொன்றும் அப்போதுதான் கற்றேன். ஹெட்லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரை பல்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வைக்க வேண்டும். தேய்க்காமல் விட்டிருந்த வலது பக்கத்தில் 0.7 வோல்ட் காட்டியது, தேய்த்தபின் 0.1. இவ்வளவு துல்லியமாக லேம்ப் சொல்லாது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் லேம்ப் பக்கம். பத்மினியோ அம்பாசடரோ, பாயின்ட் இக்னிஷன் இருக்கும்வரை பயமில்லை. எலக்ட்ரானிக் இக்னிஷனோ புது ஸ்டீரியோவோ மாட்டியிருந்தால் மட்டும் அந்த வயர்களில் லேம்ப்பை வைக்காதீர்கள், லேம்ப் இழுக்கும் கரண்டை எலக்ட்ரானிக் பாகங்கள் தாங்காமல் போகலாம், அங்கே மீட்டர்தான். வண்டியை இனிமேல்தான் பெயின்ட்டுக்கு விடப்போகிறீர்கள் என்றால், முதல்நாளே எல்லா எர்த் போல்ட் இடங்களிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு அனுப்புங்கள்.