வியாபார ஆலோசனை என்று யாராவது வந்தால் உஷார்: 75,000 ரூபாய் போய்விட்டது

குன்னூரில் டீத்தூள், தைலம், வர்க்கி விற்கும் சின்னக் கடை எங்களுடையது. வயிறு எரிகிறது, அந்தச் சூட்டோடுதான் எழுதுகிறேன். கோயம்புத்தூரில் ஆபீஸ் போட்டிருக்கும் ஒரு வியாபார ஆலோசனை நிறுவனம் எங்களிடம் 75,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கைவிட்டுவிட்டது. புகார் கொடுக்கப் போவதால் பெயர் போடவில்லை.

வியாபாரத்தைப் பெருக்க யோசனை சொல்லி அறிக்கை எழுதித் தர ஊரில் ஆளா இல்லை? இவர்களை நம்பியதற்குக் காரணம் வேறு. அந்த நிறுவனத்திலிருந்து கடைக்கு வந்தவர், உள்ளே முடங்கிக் கிடந்த கால் கிலோ ஆர்த்தடாக்ஸ் டீத்தூள் பாக்கெட்டுகளைத் தன் கையாலேயே எடுத்து வாசல் பக்கத்து அலமாரியில் அடுக்கினார். "ஒரு கப் போட்டுக் குடிக்கக் கொடுங்கக்கா" என்றார். சுற்றிப் பார்க்க வந்த ஒரு குடும்பம் குடித்துப் பார்த்துவிட்டு நாலு பாக்கெட் வாங்கிப் போனது. எங்கள் கண் முன்னால் நடந்தது. "பேப்பரைக் கொடுத்துட்டுப் போற ஆளுங்க நாங்க இல்லைங்க. ஆறு மாசம் கூடவே நின்னு, செஞ்சு காட்டிட்டுத்தான் போவோம்" என்றார். அந்த வார்த்தைக்குத்தான் 75,000 ரூபாய், மொத்தமும் முன்பணமாக.

அப்புறம் மெயிலில் அறிக்கை வந்தது. 500 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களுக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இலவசமாகக் கொடுக்க வேண்டுமாம். நீலகிரியில் அந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கே தடை. கல்லாறு தாண்டி மேலே வரும் வண்டிகளில் சோதித்துப் பிடுங்குகிறார்கள். இதைச் செய்தால் அபராதம் கட்டுவது யார்? மலைக்கு வரும் சுற்றுலா வண்டிகள் முன்கூட்டியே எடுக்க வேண்டிய இ-பாஸைப் பற்றி ஒரு வரி கிடையாது. 2025 சீசனில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் கட்டுப்பாடு வைத்த மலை இது. இவர்கள் "சனி, ஞாயிறு கூட்டத்தை இரட்டிப்பாக்குங்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். எந்த ஊர்க் கடைக்கோ எழுதியதில் எங்கள் கடைப் பெயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கேட்டால், "சார் மீட்டிங்ல இருக்காரு." மறுபடி கேட்டால், "முதல்ல அறிக்கையை முழுசாப் படிங்க மேடம்." கடைசியில் ஒரு பெண் எடுத்து, செய்து கொடுப்பது தனி பேக்கேஜ், அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும் என்றாள். கடைக்கு வந்து "அக்கா, அக்கா" என்றவர் போனையே எடுப்பதில்லை. "உங்க மைண்ட்செட் மாறணும்" என்று ஒரு வாட்ஸ்அப் மட்டும் அனுப்பினார். 75,000 ரூபாயை வாங்கிக்கொண்டு இப்படிச் சொல்ல எப்படி மனசு வருகிறது?

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், கை நடுங்குகிறது. இதை மட்டும் பாருங்கள். யார், எந்தத் தேதிக்குள், எதைச் செய்து முடிப்பார்கள் என்று எழுத்தில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். வேலை முடிய முடியத்தான் தவணை. வாயால் சொன்ன "கூடவே நிற்போம்" ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆலோசனைதான் வேண்டுமென்றால் ஊட்டியில் மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். பிழைப்புக்காகச் சொந்தமாகக் கடை நடத்துகிறவர்களும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

கோத்தகிரி கடைக்காரர்களிடமும் இதே ஆட்கள் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.