வேர்வைக்கு 6,900 ரூபா

மட்டக்களப்பு ரவுணில் ஒரு பாமசியில் வாங்கின மெலியுற குளிசையைப் பற்றியது இது. 60 குளிசை, 6,900 ரூபா. போத்தலில் "பிறவுண் ஃபாற் அக்றிவேற்றர்" என்று கொட்டை எழுத்து, கபிலக் கொழுப்பைத் தூண்டுமாம். நான் விழுந்தது அந்த எழுத்தில்தான். 26 வருஷம் உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிச்சவள், கபிலக் கொழுப்பு என்றதும் காசை எடுத்துவிட்டேன்.

காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. இரண்டாம் நாளே நெஞ்சு படபடத்தது, இரவு நித்திரை இல்லை, ஏவறை விட்டால் தொண்டை எரிந்தது.

"என்ன மாமி, ஃபான் சுத்தியும் இப்படி வேர்க்குது?" என்றாள் மருமகள்.

"கொழுப்பு எரியுது புள்ள."

அவள் போத்தலைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம், கடுகுபோல எழுத்தில்: கஃபீன், பச்சைத் தேயிலைச் சாரம், கொச்சிக்காய்ச் சாரம். "கொழுப்பில்ல மாமி, கொச்சிக்காய்."

வெட்கமாகப் போயிற்று. படிப்பிச்ச பாடத்தை நானே மறந்திருக்கிறேன்.

கபிலக் கொழுப்பு பொய்யில்லை, எரிந்து உடம்பைச் சூடாக்குகிற கொழுப்பு அது. கலத்துக்குள் இழைமணிகள் (சக்தி உண்டாக்கும் நுண்ணுறுப்புகள்) நெருக்கி இருப்பதாலும் அவற்றில் இரும்பு இருப்பதாலும்தான் அந்த நிறம். வழமையான இழைமணி இங்கினியாகலை நீர்மின் நிலையம் மாதிரி: உள்மென்சவ்வுக்கு அப்பால் தேங்கிய புரோத்தன்கள் (நேரேற்றத் துணிக்கைகள்) சுழலி வழியாக இறங்கும்போது, கலம் சக்திக்குச் செலவழிக்கிற ஏ.ரி.பி. உண்டாகும். கபிலக் கொழுப்பில் பக்கத்திலேயே ஒரு வான் (மிஞ்சின தண்ணி வழிந்தோடுற வழி) இருக்கிறது, யுசிபி1 என்ற புரதம். உன்னிச்சைக்குளம் வான் பாயுறதுபோல புரோத்தன்கள் அதனூடே சும்மா இறங்கிவிடும். ஏ.ரி.பி. கிடையாது, சக்தி முழுக்கச் சூடாகப் போகும். நடுங்கத் தெரியாத பச்சைப் பிள்ளை தோள்பட்டைகளுக்கு நடுவில் வைத்திருக்கிற அடுப்பு அதுதான்.

அந்த வானைத் திறக்கிறது குளிர். குளிர் பட்டால் நரம்பு நுனியில் நோர்அதிரினலின் என்ற இரசாயனம் சுரக்கும், கொழுப்பு உடையும், உடைந்த கொழுப்பமிலம் யுசிபி1ஐத் திறக்கும். குளிர் இல்லாவிட்டால் பூட்டுத்தான். 2009இல் நெதர்லாந்தில் 24 ஆண்களை 16 பாகையில் வைத்துப் பார்த்தார்கள். 23 பேருக்கு இந்தக் கொழுப்பு வேலை செய்தது, ஆனால் உடம்பு கூடினவர்களுக்குக் குறைவாக. அதாவது என்னைப்போல ஆட்களுக்கு! கல்லடியில் 16 பாகைக்கு எங்கே போவது? மார்கழி அடைமழையிலும் அவ்வளவு குளிராத ஊர்.

எனக்கு வேர்த்ததும் படபடத்ததும் கஃபீனும் கொச்சிக்காயும் செய்த வேலை. அதோடு போனது நல்லது. இழைமணியை நேரே ஓட்டையாக்கும் டைநைத்திரோபீனோல் என்ற இரசாயனத்தை 1930களில் அமெரிக்காவில் மெலிய விற்றார்கள். அதற்குக் கபிலக் கொழுப்பு, மற்றக் கலம் என்ற பேதம் இல்லை, பூட்டவும் ஏலாது. ஆட்கள் உடம்பு கொதித்துச் செத்தார்கள். மனிதர் உட்கொள்ளத் தகாதது என்று 1938இல் அறிவித்தார்கள்.

பத்தாம் நாள் காலைக் குளிசையோடு நிறுத்தினேன். நிறை அரைக் கிலோவும் இறங்கவில்லை. 5க்கு 1 புள்ளி, அதுவும் மூடிக்கு. சீல் உடைத்ததைத் திருப்பி எடுக்கமாட்டார்களாம். 41 குளிசையையும் கொட்டிவிட்டு வெந்தயம் போட்டு வைத்திருக்கிறேன், எறும்பு போகேல்ல.