கொலோனா, டுசல்டோர்ஃபா? ஒரே நாள்தான் கையில் இருக்கிறது

ஜெர்மனியில் டோர்ட்முண்டில் படிக்கிறவர்களுக்குக் கார்னிவல், அதாவது தவக்காலத்துக்கு முன் வரும் வேஷத் திருவிழா, பார்க்கப் போவதில் ஒரு வசதி, ஒரு தொல்லை. ஆர்இ1 ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் டுசல்டோர்ஃப், இறங்காமல் இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் கொலோன், இரண்டுக்கும் மாணவர்களுக்கான செமஸ்டர் டிக்கெட்டே போதும். தொல்லை என்னவென்றால், கார்னிவலின் பெரிய ஊர்வலம் இரண்டு ஊரிலும் ஒரே திங்கட்கிழமை, ரோசன்மோன்டாக் அன்று. நான் முதல் வருடம் கொலோன் போனேன், அடுத்த வருடம் டுசல்டோர்ஃப். ஜூனியர்கள் எது நல்லது என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பழமை, பிரமாண்டம் என்று பார்த்தால் கொலோன்தான். அங்கே 1823-இலிருந்து முறையாக ஊர்வலம் நடக்கிறது, ஸ்டேஷனை விட்டு வெளியே வந்த உடனேயே தேவாலயக் கோபுரங்கள் தலைக்கு மேல் நிற்கும். அலங்கார வண்டி வந்தால் எல்லோரும் "கமெல்லே!" என்று கத்துவார்கள், மிட்டாய் போடு என்று அர்த்தம். நானும் கத்தினேன், ஒரு சாக்லேட் நேராக நெற்றியில் வந்து விழுந்தது. பக்கத்தில் கோமாளி வேஷத்தில் நின்ற பாட்டி சிரித்துவிட்டு, தன் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். இங்கே குடை மழைக்கு இல்லை, மிட்டாய் பிடிக்க! அரை மணி நேரத்தில் எங்கள் இருவருக்கும் அந்தக் குடை நிறைந்துவிட்டது, அவருக்கு மட்டும் மேலே இருந்து ஒரு சின்னப் பூங்கொத்தும் கிடைத்தது.

ஆனால் கூட்டம் கூட்டம்தான். பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்த எனக்கு மூன்றாவது வரிசையில்தான் இடம், நகரவும் முடியாது, கழிப்பறைக்குப் போனால் இருந்த இடமும் போச்சு.

டுசல்டோர்ஃபில் எனக்கு நிற்க இடம் எளிதாகக் கிடைத்தது, மிட்டாய் கொஞ்சம் குறைவு. அங்கே போக வேண்டியது யாக் டில்லி என்ற கலைஞர் செய்யும் கேலி வண்டிகளுக்காக. அரசியல்வாதிகளைக் காகிதக் கூழில் பூதாகாரமாகச் செய்து கிண்டலில் கிழிகிழி என்று கிழிப்பார், அன்று காலை வரை எது வரப்போகிறது என்பது ரகசியம். 2019-இல் அவர் செய்த, அப்போதைய பிரிட்டன் பிரதமர் தெரேசா மே பொம்மை, நீண்ட மூக்கால் பிரிட்டன் பொருளாதாரத்தைக் குத்திக்கொண்டு, பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகுவதை, அதாவது பிரெக்சிட்டை, எதிர்த்து லண்டனில் நடந்த பேரணிக்கே போய் வந்தது. இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம் 2015-இல் நன்றாகத் தெரிந்தது: பாரிஸில் சார்லி எப்டோ என்ற கேலிப் பத்திரிகை மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு கொலோன் அதுபற்றிய தன் வண்டியை விலக்கிக்கொண்டது, டுசல்டோர்ஃப் ஓட்டியது. ஒன்று சொல்லிவிட வேண்டும், ஜெர்மன் செய்தி படிக்காதவர்களுக்குப் பாதி புரியாது. நானே பக்கத்தில் இருந்தவரிடம் "இது யார், இது யார்" என்று கேட்டுத் தொந்தரவு செய்தேன், அவரும் பொறுமையாகச் சொன்னார்.

மைன்ஸ் நகரத்துக் கார்னிவலும் நல்லது என்பார்கள். டோர்ட்முண்டிலிருந்து ஒரே நாளில் லோக்கல் ரயிலில் போய் வருவது வீண் அலைச்சல், விடுங்கள்.

அந்தத் திங்களுக்கு முந்தைய வியாழக்கிழமை கொலோன் போகலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம். அன்று காலை 11:11-க்குக் கொண்டாட்டம் தொடங்கும், பெண்கள் ஆண்களின் டையை வெட்டுவார்கள், கேட்க ஜாலியாக இருக்கும், ஆனால் மாணவர்கள் குவியும் சூல்பிஷர் தெருவில் இடம் நிரம்பியதும் வழியை அடைத்துவிடுவார்கள். ஊர்வலம் பார்க்க வந்த நமக்கு அது குடிக்கிற கூட்டம் மட்டும்தான்.

என் தேர்வு கேட்டால், திங்கட்கிழமை டுசல்டோர்ஃப். கொலோன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் முந்தைய நாள் ஞாயிறு போங்கள், பள்ளிகளும் பேட்டைகளும் நடத்தும் ஊர்வலம் அன்று நடக்கும். குழந்தைகள் தாங்களே தைத்த வேஷத்தில் வருவார்கள், கூட்டம் குறைவு, மிட்டாய்க்கு முதல் வரிசையிலேயே நிற்கலாம்.

வானிலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2016-இல் புயல் எச்சரிக்கையால் டுசல்டோர்ஃப், மைன்ஸ் இரண்டும் ஊர்வலத்தை ரத்து செய்தன, கொலோன் மட்டும் நடத்தியது. அப்புறம், கார்னிவல் கோஷம் கொலோனில் "அலாஃப்", டுசல்டோர்ஃபில் "ஹெலாவ்". மாற்றிக் கத்தினால் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.