லோட் கணக்கில் எரு வாங்குகிறவர்கள் கவனம்

ஒன்ராறியோவில் இராட்சதப் பூசணிக்குப் பாத்தி போட எரு எடுக்கிறவர்கள், லோடைக் கொட்டவிட முதல் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: மாடும் குதிரையும் தின்ற புல்லுக்கு என்ன களைநாசினி அடித்தது? பதில் சொல்ல இழுத்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

எனக்கு விற்றவர், "அண்ணை, ரெண்டு வருசம் உக்கின எரு, பூசணிக்கு இதைவிட வேற இல்லை" என்றார். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. கறுப்பு, உதிரி, மண்புழு வேறு. நான் போட்டது அட்லாண்டிக் ஜயன்ட், நோவா ஸ்கோஷியா ஹோவர்ட் டில் உருவாக்கிய இனம். இதன் கொடி ஓடுகிற வழியெல்லாம் கணுவுக்குக் கணு மண்ணில் புதைத்து வேர் விடச் செய்வோம். குழிக்கு மட்டும் எரு போட்டால் காணாது, பாத்தி முழுக்கப் பரப்ப வேண்டும். அதனால் எருவுக்குள் இருந்த களைநாசினி நஞ்சும் பாத்தி முழுக்கப் பரவியது.

ஜூன் நடுவில் புது இலைகள் கிண்ணம் மாதிரிக் குவிந்தன. நுனி முறுகி, கொடி நகரவே இல்லை. பக்கத்தில் நின்ற தக்காளி இன்னும் மோசம், இலையெல்லாம் பன்னம் போலச் சுருண்டது.

விற்றவரைக் கூப்பிட்டால் முதலில் தண்ணி கூடிப்போச்சு என்றார். பிறகு வைரஸ். பிறகு "வேற ஒருத்தரும் குறை சொல்லேல்லை." கடைசியில் புல்லைத் தான் வேறொரு பண்ணையில் வாங்குவதாகவும், அங்கே என்ன அடித்தார்கள் என்று தனக்குத் தெரியாது என்றும் வந்தது. காசு தரவில்லை. அடுத்த வருசம் விலை குறைத்துத் தருவாராம்! பற்றுச்சீட்டில் "தோட்ட மண்" என்று மட்டும்தான் இருக்கிறது, எரு என்ற சொல்லே இல்லை. அதையும் பார்த்து வாங்குங்கள்.

அமினோபைரலிட், குளோபைரலிட் போன்ற களைநாசினிகள் புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைக் களைகளை மட்டும் கொல்பவை. மாட்டின் வயிற்றுக்குள் போய்ச் சாணத்தோடு அப்படியே வெளியே வரும். குவியல் 55 பாகைக்குச் சூடேறினால் களை விதை செத்துப்போகும், இவை இலேசில் சிதையா. பழைய எரு என்ற பேச்சு இந்த விசயத்தில் உத்தரவாதமே இல்லை. 2008இல் பிரித்தானியாவில் இப்படி ஏராளமான வீட்டுத் தோட்டங்கள் பழுதாகி, அமினோபைரலிட் விற்பனையையே கொஞ்சக் காலம் நிறுத்திவைத்தார்கள்.

ஆய்வுகூடச் சோதனைக்குச் செலவு அதிகம். போஞ்சி போதும். சில சட்டிகளில் அந்த எருவைக் கலந்த மண், சிலவற்றில் நம்பிக்கையான பை மண், எல்லாவற்றிலும் போஞ்சி விதை. ஒன்றின் தண்ணி மற்றதற்குள் வடியவிடாதீர்கள். இரண்டு மூன்று கிழமையில் மூவிலை விரியும்போது எருச் சட்டியில் மட்டும் இலை சுருண்டால் விசயம் விளங்கிவிடும். ஏப்ரலிலேயே வீட்டுக்குள் யன்னலோரம் செய்து பார்க்கலாம்.

ஏற்கெனவே பரப்பிவிட்டவர்கள் பாத்தியை அடிக்கடி கொத்திப் புரட்டுங்கள், மண் நுண்ணுயிர்கள்தான் மெல்ல மெல்லச் சிதைக்கும். அதுவரை சோளம் போடலாம், புல்லினம் என்பதால் தாங்கும். மிச்ச எருவை மட்டும் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.